பஞ்சு டாக்டர்

சங்கத்துத் தொலைபேசியை மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அந்த எண்ணுக்கு யாரும் சாப்பிட்டாச்சா என்று கேட்கக் கூப்பிடுவதில்லை. கூப்பிடுகிறவர் எங்கோ ஓர் ஊரில், தன் கிளினிக்கின் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே நாற்காலியில் ஒரு நோயாளியையோ நோயாளியின் முரட்டுத் தம்பியையோ உட்கார வைத்துவிட்டு, வியர்த்து விறுவிறுத்துப் போய் நிற்கிற பல் மருத்துவராகத்தான் இருப்பார். பல் மாறிப் பிடுங்கிவிட்டேன் என்பார். ஊசி முனை உள்ளே ஒடிந்துவிட்டது என்பார். சிலர் ஒன்றுமே சொல்லாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பார்கள். அப்படி மூச்சு விடுகிறவனைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவன்தான் போனை வைத்ததும் வெளியே போய் எல்லாவற்றையும் உளறிக் கொட்டுவான்.

நாடு முழுவதற்குமான பல் மருத்துவர் சங்கம் அது. மூன்றாவது மாடியில் நான்கு அறை. சுவரில் பழைய தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். அத்தனை பேரும் பல் மருத்துவர்கள், ஒருவர்கூடப் பல் தெரியச் சிரிக்கவில்லை. சங்கம் நல்ல காரியங்களும் செய்யாமல் இல்லை. போலி வைத்தியர்களை விரட்டியது, பள்ளிப் பிள்ளைகளின் வாய்களைப் பரிசோதித்தது, புது மருத்துவர்களுக்கு வகுப்பு எடுத்தது. ஆனால் உறுப்பினர்களைக் கேட்டால் சங்கம் எதற்கு என்பதற்கு ஒரே பதில்தான் வரும். வம்பு வந்தால் பஞ்சு டாக்டர் இருக்கிறார்.

அந்தப் பெயர் யார் வைத்தது என்று தெரியவில்லை. பல் மருத்துவர் உங்கள் வாயில் பஞ்சுச் சுருளை வைத்துவிட்டால் நீங்கள் பேச முடியாது, தலையை மட்டும் ஆட்டலாம். இவர் ஒன்பது வருஷமாகப் பல் மருத்துவர்கள் வாயிலேயே பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார். அவர் எழுதிய ஒரு பக்கத் தாள் ஒன்று, நீல நிறத்தில் அச்சடித்தது, எல்லா உறுப்பினர்களின் மேஜை இழுப்பறையிலும் கிடக்கும். நடந்ததைச் சொல், ஏன் நடந்தது என்று சொல்லாதே. எதையும் எழுதித் தராதே. நோயாளியின் அட்டை, படம், துண்டுச் சீட்டு எல்லாவற்றையும் உறையில் போட்டு ஒட்டிச் சங்கத்துக்கு அனுப்பு. நோயாளி கேட்டால் சொல்வதற்கென்றே இரண்டு வாக்கியங்கள். 'உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது.' 'எல்லா விவரத்தையும் பாத்த பிறகுதான் எதையும் சொல்ல முடியும்.' முதல் வாக்கியத்தில் 'வருந்துகிறோம்' என்றுதான் முதலில் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகச் செயற்குழு மூன்று கூட்டம் நடத்தி, கடைசியில் அதை அடித்துவிட்டது. அடித்த பேனா அவருடையது. தாளை மீறித் தன் வாயால் தப்பை ஒப்புக்கொண்டவனுக்குச் சங்கத்து வக்கீல் வரமாட்டார், சங்கமும் அவனை யாரென்றே தெரியாது என்றுவிடும்.

அன்று காலை பதினொன்றரைக்குப் போன் அடித்தது.

"சங்கம். உறுப்பினர் எண் சொல்லுங்க. நோயாளி பேரு வேண்டாம். வயசு, ஆணா பெண்ணா, எந்தப் பல்லு, அது போதும்."

பெயரைக் கேட்காமல் இருப்பது அவருடைய முறை. பெயர் தெரிந்தால் முகம் வரும், முகம் வந்தால் குடும்பம் வரும். பல்லுக்கு எண் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு பேசினால் நிதானமாகப் பேசலாம்.

"நான்தான் சார்."

குரல் தெரிந்துவிட்டது. குட்டி டாக்டர். அவரிடம் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கும்போது ஒரு மரப்பலகை மேல் ஏறி நிற்பாள், அதனால் நோயாளிகள் வைத்த பெயர். போன வருஷம் சங்கத்தில் முழுநேர வேலை என்று சொல்லி அவர் தன் கிளினிக்கை, நாற்காலி, விளக்கு, வாய் கொப்பளிக்கும் தொட்டி சகிதம் அப்படியே அவள் கையில் ஒப்படைத்துவிட்டு வந்தார்.

"அழுறியா?"

"இல்ல சார்."

"அழுதாலும் தப்பில்ல. நோயாளி முன்னாடி மட்டும் வேண்டாம். கண்ணு கலங்கினதைக்கூட நாளைக்கு ஒப்புதல்னு எழுதிடுவாங்க. சொல்லு."

"ஆண். அம்பத்தாறு வயசு. நாக்குல புண்ணு, இடது ஓரம். கீழ் இடது முப்பத்தேழு கூரா இருந்து உரசுதுன்னு வந்தாங்க. தேய்ச்சு விட்டேன். ஆறல. மறுபடி வந்தாங்க, மறுபடி தேய்ச்சேன். மூணாவது தடவையும் அதையேதான் சார் செஞ்சேன்."

"எத்தனை நாளாச்சு?"

"அஞ்சு மாசம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது என்பது இரண்டாம் வருஷ மாணவனுக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் புண்ணின் மேல் விரலை வைத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். மெத்தென்றிருந்தால் பல் உரசின புண். அடியில் கட்டியாகத் தட்டுப்பட்டால் வேறு. இதற்குப் பெரிய இயந்திரமெல்லாம் வேண்டாம், ஒரு விரல் போதும்.

"டெஸ்ட்டு?"

"போன வாரந்தான் சதை எடுக்க அனுப்பினேன். இப்பதான் ரிசல்ட் வந்துச்சு. அதேதான் சார். கழுத்துலயும் ஒரு கட்டி தட்டுப்படுது."

அதேதான். இருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, இந்தத் தொழிலில் யாரும் சொல்வதில்லை.

"முதல்லயே விரல் வச்சுப் பாத்தியா?"

"இல்ல."

அவர் மூடியைத் தேடி எடுத்துப் பேனாவை மூடினார்.

"ஏன்னு கேளுங்க சார்."

"கேக்க மாட்டேன். கேட்டா நீ சொல்லுவே, சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். நீலத்தாளை எடுத்து வச்சுக்கோ. எப்ப வர்றாங்க?"

"நாலு மணிக்கு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும்."

"ரிசல்ட்டைச் சொல்லு. அதை மறைக்கக்கூடாது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடு. அதோட வாயை மூடிக்கோ. அஞ்சு மாசத்தைப் பத்தி அவங்களா கேட்டா ரெண்டாவது வாக்கியம். அந்தம்மா அழுதா முதல் வாக்கியம். தண்ணி குடு. தோள்ல கை வைக்காதே. கேக்குதா?"

"கேக்குது. சார், அவங்க ஒரு சீட்டோட வந்தாங்க. வேற ஒரு டாக்டர் வாயைப் பாத்துட்டு எழுதிக் குடுத்த சீட்டு. பல்லு கூரா இருக்கு, தேய்ச்சு விடவும்னு. அதை நம்பித்தான் நான் பல்லை மட்டும் பாத்தேன்."

அவர் முதுகு நிமிர்ந்தது. வெறும் கையோடு வந்தவளுக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது. "அட, இதை முதல்ல சொல்ல மாட்டியா? முதல்ல பாத்தவன் அவன். கோட்டை விட்டதும் அவன். நீ அவன் எழுதினதைச் செஞ்சே, அவ்வளவுதான். அந்தச் சீட்டைப் பத்திரமா வை. யாரு அந்த ஆளு, நம்ம உறுப்பினரா?"

"ஆமா சார்."

"எந்த மடையன்?"

"நீங்கதான் சார். நோயாளி உங்க அக்கா வீட்டுக்காரர்."

அவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், மறுபடி காதில் வைத்தார். அந்தப் பக்கம் குட்டி டாக்டர் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம்தான் அந்த மூச்சு தன்னுடையது என்று தெரிந்தது. நான் வரேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்த நேரம் அவர் மனதில் முதலில் வந்தது மாமாவின் முகமோ அக்காவின் முகமோ அல்ல. அந்தச் சீட்டை வேறு யார் பார்த்திருப்பார்கள் என்பதுதான். ஒன்பது வருஷப் பழக்கம் அப்படி. அதற்குப் பிறகுதான் அந்த முகங்கள் வந்தன. இரண்டு முழங்கையையும் மேஜையில் ஊன்றி, கைகளை ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடித்துக்கொண்டால் கொஞ்சம் குறையும்.

கை நடுங்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. முதலில் சுண்டுவிரல், பிறகு வலது கை முழுக்க. பல் மருத்துவனுக்குக் கை நடுங்கினால் அது பாடகனுக்குத் தொண்டை போன மாதிரி, ஆனால் பாடகன் மேல் ஊர் இரக்கப்படும், இவன் வாசலை யாரும் மிதிக்க மாட்டார்கள். அதனால்தான் சங்கத்தில் முழுநேர வேலை என்ற பேச்சே வந்தது. எவ்வளவு பெரிய பொறுப்பு, கிளினிக்கையே விட்டுட்டு வந்துட்டாரே என்று உறுப்பினர்கள் வியந்தார்கள். அக்கா தெரு முழுக்கப் பெருமை பேசினாள். உள்ளது உள்ளபடி தெரிந்தவள் அவர் மனைவி ஒருத்திதான். அவள் கப்பில் பாதிக்கு மேல் டீ ஊற்றுவதில்லை, ஏன் என்று அவரும் கேட்டதில்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. மாமாவைக் குடும்பத்தில் எல்லோரும் ரேடியோ என்பார்கள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கி முன் உட்கார்ந்து எந்த வண்டி எந்த நடைமேடையிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று சொல்கிற வேலை. வேலையில் பேசினது போதாதென்று வீட்டிலும் பேசுவார், சாப்பிடும்போதும் பேசுவார், தூக்கத்திலும் வண்டி நம்பர் சொல்வதாக அக்கா சத்தியம் செய்வாள். அன்று காரம் தாங்காமல் தட்டைத் தள்ளி வைத்தார். நாக்குல என்னமோ உறுத்துது மாப்ளே, ஒரு மாசமா இருக்கு, கொஞ்சம் பாரேன் என்றார். போன் விளக்கைப் போட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். மருமகன், பேத்தி, பக்கத்து வீட்டுக்காரர்வரை. வாயைத் திறந்தார் மாமா. இடது ஓரத்தில் வெள்ளை விளிம்போடு புண் இருந்தது. பக்கத்துப் பல்லின் முனை கூராகத்தான் இருந்தது.

விரலை வைத்திருக்க வேண்டும். கழுவின கைதான். புண்ணுக்கும் அவர் விரலுக்கும் நடுவில் நான்கு அங்குலம்கூட இல்லை. ஆனால் அத்தனை கண்கள் அந்த வெளிச்சத்தில் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. நீட்டினால் ஆடும். ஆடினால் அக்கா கேட்பாள். அவர் வலது கையைக் கால்சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். பல்லுதான் மாமா உரசுது, நம்ம குட்டி டாக்டர்கிட்ட போங்க, ராவி விட்டுடுவா என்றார். பேத்தியின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து, மேஜையில் மணிக்கட்டை அழுத்தி ஊன்றிக்கொண்டு, இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் பார்த்துவிட்டார் என்பதால் அவள் விரல் வைக்கவில்லை. அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவர் விரல் வைக்கவில்லை. நடுவில் ஒரு மனிதனின் நாக்கு போய்விட்டது.

வழக்கமாக உறையைத் தபாலில்தான் வாங்குவார்கள். அன்று அவர் நேரில் போய் வாங்கக் கிளம்பினார். அறைக்கு வெளியே நடைவழியில் போன மாதம் அச்சாகி வந்த சுவரொட்டிக் கட்டுகள் இடுப்புயரம் அடுக்கியிருந்தன. பொதுமக்களுக்காகச் சங்கம் போடுவது. 'நாக்கில், கன்னத்தில் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணா? உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டால் முழுக்கக் குணமாகும்.' வாசகம் அவர் எழுதியது. சுருக்கமாக, பயமுறுத்தாமல் எழுதியிருக்கிறீர்கள் என்று தலைவர் பாராட்டினார். மேல் கட்டின் கயிறு அறுந்து இரண்டு மூன்று தாள்கள் தரையில் கிடந்தன. குனிந்து எடுத்து மேலே வைத்துவிட்டுப் படியில் இறங்கினார்.

மூன்றேகாலுக்குக் கிளினிக் போய்ச் சேர்ந்தார். தன்னுடைய பழைய கிளினிக்குக்கு நோயாளி மாதிரி வாசல் வழியாக வந்தது அதுதான் முதல் தடவை. எல்லாம் வைத்த இடத்தில் இருந்தது. நாற்காலியின் இடது கைப்பிடியில் ரெக்சின் கிழிந்த இடத்தில் அவர் ஒட்டிய பிளாஸ்திரிகூட இருந்தது. இடம் மாறியிருந்தது அந்த மரப்பலகை ஒன்றுதான். குட்டி டாக்டர் மேஜையில் நோயாளி அட்டையையும், மூன்று படங்களையும், ரிசல்ட்டையும், நான்காக மடித்த நோட்டுத் தாளையும் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சங்கத்து உறை, வாய் திறந்தபடி. அதற்கும் பக்கத்தில் நீலத்தாள்.

"சாப்பிட்டியா?"

"இல்ல சார்."

"எல்லாத்தையும் உள்ள போடும்மா."

அவள் அட்டையைப் போட்டாள், படங்களைப் போட்டாள். ரிசல்ட்டுக்கு நகல் எடுத்து வைத்துக்கொண்டு அதையும் போட்டாள். மடித்த தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் எதிரில் இருப்பவர் தானாகச் செய்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும், செயற்குழுவில் பல தடவை பார்த்திருக்கிறார். அவள் தாளையும் உறைக்குள் போட்டாள்.

"இது உங்க அலமாரிக்குத்தானே சார் போகும்?"

"சங்கத்து அலமாரிக்கு."

"சாவி உங்ககிட்டதானே?"

அவர் உறையின் விளிம்பைத் தட்டி நேராக்கினார்.

"எனக்கு அவங்ககிட்ட சொல்லிடணும் போல இருக்கு சார். நாந்தான் தவற விட்டேன்னு. வக்கீல் வரலைன்னா போகட்டும். மூணு தடவை அவர் வாயைப் பக்கத்துல வச்சுப் பாத்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் நீ நல்லா இருக்கணும்மான்னு சொல்லிட்டுத்தான் எந்திரிச்சுப் போவாரு."

"சொல்லிட்டா உனக்கு நிம்மதி. அவருக்கு?"

இந்தக் கேள்வியை ஒன்பது வருஷத்தில் நூறு பேரிடமாவது கேட்டிருப்பார். கேட்டதும் எதிர்முனை அடங்கிவிடும். குட்டி டாக்டரும் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் இன்று அந்தக் கேள்வி அவருக்கே பித்தலாட்டமாகக் கேட்டது.

அக்காவும் மாமாவும் மூன்றேமுக்காலுக்கே வந்துவிட்டார்கள். அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், எதற்கும் கால்மணி நேரம் முன்னால் போகிறவள். உள்ளே தம்பியைப் பார்த்ததும் அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அவருக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"நீயும் வந்துட்டியா? அப்பாடா. போன் பண்ணி உன்னை வரச் சொல்லலாமான்னு வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன். நீ சங்கத்து வேலையில இருப்பேன்னு விட்டுட்டேன்."

மாமா மெலிந்திருந்தார். ஆனால் பேச்சு நிற்கவில்லை. "மாப்ளே, இப்பல்லாம் நான் ஏழாம் நம்பர் வண்டின்னா எல்லாரும் ஏயாம் நம்பர்னு கேக்குறாங்களாம். மேனேஜர் சொல்றான், ரெண்டு நாள் லீவு போடுங்கண்ணே, நாக்கு சரியானப்புறம் வாங்கன்னு. எனக்கு லீவு குடுக்க அவன் யாரு? முப்பது வருஷம் என் குரலைக் கேட்டுத்தான் அந்த நிலையத்துல டிரைவரே வண்டியை எடுப்பான்." சிரித்தார். சிரிக்கும்போது நாக்கு வலித்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

குட்டி டாக்டர் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள். ரிசல்ட்டின் நகலைப் பார்த்து வாசித்தாள், பெரிய ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்க வேண்டும் என்றாள், நாக்கில் ஒரு பகுதியை எடுக்க வேண்டி வரலாம், கழுத்திலும் வெட்ட வேண்டி வரலாம் என்றாள். வாய்க்குள் ஒரு மண்டபமே இடிந்து விழுவதை நான்கு வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு, "உங்க கஷ்டம் எங்களுக்குப் புரியுது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை.

மாமாவுக்கு முதல் தடவையாகப் பேச்சு வரவில்லை. மேலே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக, "எவ்வளவு எடுப்பாங்க?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. "பேச முடியும்ல?" என்றார். குட்டி டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிய சீட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அக்கா அழவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் இறுக்கிக்கொண்டிருந்தாள். "ரெண்டாந்தடவை வந்தப்போ ரெண்டு வாரத்துல திரும்பி வரணும்னு சொன்னீங்கம்மா. நாந்தான் கூட்டிட்டு வரல. பள்ளிக்கூடத்துல பரீட்சை நேரம், லீவு குடுக்கல. இவரு தனியா வர மாட்டாரு, ஊசின்னா பயம். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு அஞ்சு வாரம் தள்ளிட்டேன்." மாமா பக்கம் திரும்பி, "நான்தானே தள்ளினேன்?" என்றாள்.

இருபத்தெட்டு வருஷமாக அவளை ஒரு சொல் கடிந்து பேசாத மனிதர். பயம் மனுஷனை எப்படியெல்லாம் ஆக்கிவிடுகிறது. "ஆமா" என்றார் மாமா. "நீதான். அப்பவே வலிக்குதுன்னு சொன்னேன். நீதான் கேக்கல."

அக்காவின் தலை ஒரு தடவை ஆடி நின்றது. ஏற்றுக்கொண்டுவிட்டாள். இனி அதை அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில், ஆறாத வாய்க்குக் கரண்டியில் கஞ்சி ஊட்டும்போது, பேச்சில்லாத வீட்டில், அதற்கப்புறம் அவர் இல்லாத வீட்டில், அவள் அந்த ஐந்து வாரத்தைத்தான் சுமந்துகொண்டு நடப்பாள். முதல் நாளே கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததைத் தொடாமல் விட்டவன் ஒருவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. சாவி அவன் பையில்தான் இருக்கும்.

"நீ சொல்லு தம்பி" என்றாள் அக்கா. "நீ எங்கிட்ட மழுப்ப மாட்டே. அந்த அஞ்சு வாரம் நான் தள்ளாம இருந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்காதுல்ல?"

அவர் வாயைத் திறந்தார். இல்லை அக்கா என்று சொல்லத்தான் திறந்தார். அதற்கு முன்னால் பழகின வாய் பழகினதைச் சொல்லிவிட்டது.

"எல்லா விவரத்தையும் பாத்த பிறகுதான்க்கா எதையும் சொல்ல முடியும்."

குட்டி டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இல்லை, அருவருப்புதான் இருந்தது. தொட்டிக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய் வாஷரை மாற்ற வேண்டும் என்று அவர் போன வருஷமே நினைத்திருந்தார்.

"என்னடா யாரோ மாதிரி பேசுற?" என்றாள் அக்கா.

மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "மாப்ளே, நீ வந்து பாரு. இந்தப் பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா முதல்ல பாத்தது நீதானே? அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சு, இன்னிக்கு எவ்வளவு இருக்கு, நீ பாத்துச் சொன்னா நான் நம்புறேன். நடுவுல இவ தள்ளினதுல வளந்ததா, இல்ல அப்பவே இப்படித்தான் இருந்ததா? சொல்லிடு. இவளும் தெரிஞ்சுக்கட்டும்." அவர் வாயைத் திறந்துவிட்டார். திறந்த வாயோடு, கண்ணை மூடாமல், காத்துக்கொண்டிருந்தார்.

நீலத்தாளில் இதற்கு வாக்கியம் கிடையாது.

அவர் எழுந்தார். கையுறைப் பெட்டி பழைய இடத்திலேயே இருந்தது. ஒன்றை உருவி மாட்டப் பார்த்தார். கட்டைவிரல் நுழைய வேண்டிய இடத்தில் வேறு விரல் நுழைந்தது. கழற்றி மறுபடி மாட்டினார், ரப்பர் நழுவியது. மூன்றாவது தடவை குட்டி டாக்டர் எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், அவர் மணிக்கட்டைப் பிடித்துக் குழந்தைக்குச் சட்டை போடுவதுபோல ஒவ்வொரு விரலாகப் பொருத்திவிட்டாள். பிடித்த கையை விடும்போது ஒரு கணம் நிறுத்தினாள். அவளுக்கும் இதுவரை தெரியாது. விளக்கை இழுத்துக் கீழே தணித்தாள்.

வெளிச்சத்தில் கை ஆடியது. நன்றாகவே ஆடியது. அவர் அதைக் கால்சட்டைப் பையில் விடவில்லை. மாமாவின் தாடை மேல் மணிக்கட்டை லேசாக ஊன்றி, ஆட்காட்டி விரலை உள்ளே விட்டு, இடது ஓரத்தில் புண்ணின் மேல் வைத்து அமுக்கினார். வெந்த கிழங்கில் வேகாமல் நின்றுபோன ஒரு துண்டு மாதிரி அடியில் கெட்டியாகத் தட்டுப்பட்டது. நன்றாக வேர்விட்ட கெட்டி. அன்று சின்னதாக இருந்திருக்கும், ஆனால் இருந்திருக்கும். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதே விரலுக்கு அது தட்டுப்பட்டிருக்கும்.

"உன் கை என்னடா இப்படி ஆடுது?" என்றாள் அக்கா.

அவள் நாற்காலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தாள். குரலில் சந்தேகம் எதுவும் இல்லை. தம்பிக்கு உடம்புக்கு என்னவோ என்ற பதற்றம்தான் இருந்தது. இத்தனைக்கு நடுவிலும் அவளுக்கு அதற்கு இடம் இருந்தது.

"எப்பலேர்ந்து இப்படி?"

மேஜையில் உறை கிடந்தது. இன்னும் ஒட்டவில்லை.

"ஒன்றரை வருஷமாக்கா."

"ஒன்றரை வருஷமா? எங்கிட்ட சொல்லவே இல்லியே. அப்ப அன்னிக்கு வீட்டுல..."

அக்கா நிறுத்தினாள். அவள் பார்வை அவர் கையிலிருந்து அவருடைய கால்சட்டைப் பைக்குப் போயிற்று, அங்கிருந்து திரும்பி வந்தது. மாமா திறந்த வாயோடு இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் உள்ளே இருந்ததால் அவரால் ஒன்றும் கேட்க முடியவில்லை. டாக்டர் விரலை எடுக்கவில்லை. அது புண்ணின் மேலேயே ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் நாக்கு ஒரு தடவை மெல்ல அசைந்தது.